எசூர்வேதம்: புதுச்சேரியில் பிறந்து பாரிஸில் பழசான நூல்

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் அரச நூலகத்துக்கு இந்தியாவிலிருந்து இரண்டு வேதங்கள் போய்ச் சேர்ந்தன. முதலில் போனது ரிக் வேதம். நூலகத்தை நிர்வகித்த பினியோன் அடிகள், இந்திய நூல்களைத் தேடி அனுப்பும்படி சேசு சபைக் குருக்களைக் கேட்டிருந்தார். வேதம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா, பிராமணர்கள் சும்மா சொல்லிக்கொள்கிறார்களா என்றுகூட அன்றைய ஐரோப்பாவில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. தெலுங்கு நாட்டில் ஊழியம் செய்துவந்த ழான் கால்மெத் என்ற குரு, 1730களின் தொடக்கத்தில் படாத பாடுபட்டு வேதத்தைத் தேடிப் பிடித்து, தென்னாட்டு எழுத்தில் படியெடுக்கச் செய்து கப்பலேற்றினார். அசல் வேதம்தான். ஆனால் அந்த எழுத்தைக் கூட்டி வாசிக்கவோ மொழியைப் புரிந்துகொள்ளவோ பாரிஸில் ஆள் இல்லை. அது அலமாரியில் தூங்கியது.

இரண்டாவது 1761இல் வந்தது. பெயர் எசூர்வேதம். யஜுர் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். முழுக்கப் பிரெஞ்சில் இருந்ததால் படித்தவர் யாரும் வாசிக்கலாம். அதை நூலகத்துக்குக் கொடுத்தவரும் சாதாரண ஆள் இல்லை, வால்டேர். அசல் பக்கத்திலேயே கிடக்க, ஐரோப்பா இதைத்தான் எடுத்துப் படித்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து அச்சிட்டது. இந்தியாவின் ஆதி ஞானம் இதில் இருக்கிறது என்று நம்பியது. நம்பியவர்களில் பெரும்பாலோர் அறிவாளிகள். இதை எழுதிய இடம் கங்கைக்கரையோ இமயமலையோ அல்ல, புதுச்சேரியை மையமாகக் கொண்டு இயங்கிய பிரெஞ்சு சேசு சபையின் வட்டாரம் என்பது தெரியவர அறுபது ஆண்டுகள் பிடித்தன.

நூலின் உருவம் எளிமையானது. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் பியாஷ், அதாவது வியாசர். மற்றவர் ஷுமோந்து, அதாவது சுமந்து. வியாசர் புராணக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். படைப்பு, பிரளயம், அவதாரங்கள், தீர்த்தங்கள், லிங்க வழிபாடு எல்லாம் வருகின்றன. சுமந்து ஒவ்வொன்றையும் மறுக்கிறார். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை, இந்தக் கதைகளையெல்லாம் கட்டிவிட்டு மக்களை நீ கெடுத்துவிட்டாய் என்று வியாசரையே கடிந்துகொள்கிறார். நம் மரபில் சுமந்து வியாசரின் மாணவர்களில் ஒருவர். இங்கே சீடன் குருவுக்குப் பாடம் நடத்துகிறான். வியாசரும் அடக்கமாகக் கேட்டுக்கொள்கிறார். புராணம் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த இடத்திலேயே புருவம் உயர்ந்திருக்கும். பாரிஸில் அப்படி வளர்ந்தவர்கள் யாரும் இல்லை.

எட்டு பாகங்கள் கொண்ட இந்நூலில் ஒரு விஷயம் மட்டும் இல்லை. கடவுள் இருக்கிறார், படைப்பு இருக்கிறது, ஆன்மா இருக்கிறது, புண்ணியம், பாவம், தண்டனை எல்லாம் இருக்கின்றன. இயேசு இல்லை. ஞானஸ்நானம் இல்லை, சிலுவை இல்லை, அப்பமும் ரசமும் இல்லை. சேசு சபைக் குருக்கள் எழுதிய ஞான நூலில் நற்கருணை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால் அது மறதியாக இருக்க முடியாது. முதலில் நிலத்தை உழுது களை எடுப்பது, விதைப்பது பிறகு என்ற திட்டத்தின் முதல் பகுதி இது என்று பின்னாளைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. இந்த முதல் பகுதி மட்டும் தனியாகக் கடல் தாண்டியதுதான் பிற்பாடு நடந்த கூத்துக்கெல்லாம் காரணம்.

சயாமிலிருந்து 1688இல் துரத்தப்பட்ட பிரெஞ்சு சேசு சபையினர், அதன்பின் புதுச்சேரியில் காலூன்றினார்கள். ஊரில் ஐரோப்பியர்களின் ஞானக் காரியங்கள் கப்புச்சின் துறவிகளிடம், தமிழர்களின் பொறுப்பு சேசு சபையிடம் என்று பங்கு பிரிந்திருந்தது. சேசு சபையினரின் கோயில் சின்னப்பர் பெயரில், அதாவது அப்போஸ்தலர் பவுலின் பெயரில் அமைந்தது. சான் பவுலோ என்பது ஊர் வாயில் மருவி சம்பா கோயில் ஆனது என்பார்கள். அந்தப் பழைய கட்டடம் 1761இல் ஆங்கிலேயர்கள் நகரை இடித்துத் தள்ளியபோது போய்விட்டது. மிஷன் வீதியில் இன்று நிற்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் 1791இல் எழுந்தது. ஆனாலும் பழைய ஆட்கள் அதையும் சம்பா கோயில் என்றுதான் சொல்வார்கள்.

வேதம் என்ற பெயருக்கு இந்தச் சபையினர் வைத்த உரிமை பழையது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, உங்களிடம் தொலைந்துபோன வேதத்தை மீட்டுத் தர வந்திருக்கிறேன் என்று பிராமணர்களிடம் பேசினார். வீரமாமுனிவர் தம் உரைநடை நூலுக்கு வேதவிளக்கம் என்று பெயரிட்டார். மதம் மாறியவனை வேதத்தில் சேர்ந்தவன் என்று கிராமத்தில் இன்றும் சொல்வார்கள். இப்படிப் பழகிய கைகளுக்கு ஒரு ஞான உபதேச உரையாடலின் தலையில் வேதம் என்று எழுதுவது பெரிய துணிச்சலாகத் தோன்றியிருக்காது. மோசடி செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பிராமணரிடமாவது இதைக் காட்டி இதுதான் உங்கள் யஜுர் வேதம் என்று யாரும் சாதித்ததாகச் செய்தி கிடையாது. ஆனால் பெயர் பெயர்தான். அது தனியாகப் புறப்பட்டுப் போனபின் அதைத் திருத்த முடியவில்லை.

இதே வட்டாரத்திலிருந்து இதற்கு நேர் எதிரான ஒரு வாதமும் போயிருந்தது. ழான் வெனான் பூஷே என்ற குரு, 1700களின் முற்பகுதியில் அவ்ராஞ்சு ஆயர் உவேக்கு நீண்ட கடிதம் எழுதினார். இந்தியர்களின் கதைகளில் மோசேயின் நூல்களின் எதிரொலி கேட்கிறது, யூதர்களிடமிருந்து இவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள், ஆகவே விவிலியமே மூத்தது என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் அந்தக் கடிதத்தைப் பலர் படித்தார்கள். விவிலியம் சொல்வது நடந்த சரித்திரம்தான் என்று நிறுவ இந்தியாவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டால் எதிர்த்தரப்பும் குறுக்கு விசாரணை செய்யும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நூல் பிறந்த ஊரின் நிலவரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பா கோயிலுக்குப் பக்கத்திலேயே வேதபுரீசுவரன் கோயில் இருந்தது. ஊருக்கே வேதபுரி என்று ஒரு பெயர் உண்டு. அருகிலுள்ள வாகூரில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம் நடந்ததையும், அதற்கு மூன்று ஊர்களைப் பல்லவ அரசன் நிருபதுங்கன் காலத்தில் தானமாக விட்டதையும் செப்பேடு சொல்கிறது. அந்த வேதபுரீசுவரன் கோயிலை அகற்றச் சொல்லி சேசு சபையினர் பல ஆண்டுகள் நச்சரித்தார்கள். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையின் குழப்பத்தில் அது நிறைவேறியது. சம்பா கோயிலின் தலைமைக் குரு கேர்தூ மூலவரைக் காலால் உதைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் வெந்து எழுதுகிறார். இதே கேர்தூதான் சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்பதை 1760களில், வில்லியம் ஜோன்சுக்கு முன்பே, பாரிஸுக்கு எழுதியவர். ஒரே ஆளிடம் இந்த இரண்டும் எப்படி இருந்தன என்று கேட்டால் அந்தக் காலத்துச் சேசு சபையினர் பலரிடம் அப்படித்தான் இருந்தன என்பதே பதில். எசூர்வேதமும் அத்தகைய ஒரு கையின் வேலைதான். புராணங்களை ஊன்றிப் படித்தவன் எழுதியது, அவற்றை இடிப்பதற்காக எழுதியது.

சம்பா கோயிலுக்குள்ளேயே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சம்பா கோயிலின் வடபுறத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. தலித் கிறிஸ்தவர்கள், அன்றைய வழக்கில் பறையர்கள், சுவருக்கு ஒரு பக்கம். மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும் மறுபக்கம். பூசை ஒன்று, பந்தி இரண்டு. இந்தச் சாதி ஏற்பாடுகளைத் தீர விசாரிக்கப் பாப்பரசர் அனுப்பிய தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கி, 1704 ஜூனில் கண்டன ஆணை பிறப்பித்தார். சேசு சபையினர் மேல்முறையீடு, விளக்கம், கால அவகாசம் என்று நாற்பது ஆண்டுகள் இழுத்தார்கள். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவான ஆணையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் தலித் கிறிஸ்தவர்கள் குருவிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று நியாயம் கேட்டு, சுவரை இடிக்க வைத்தார்கள். மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். இதையும் பிள்ளைதான் எழுதிவைத்திருக்கிறார், கொஞ்சம் வேடிக்கை பார்க்கும் தொனியில்.

சின்னப்பரின் பெயர் தாங்கிய கோயிலில் இது நடந்ததுதான் விசேஷம். இயேசுவின் கடைசி இராவுணவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து நற்செய்திகளில் இல்லை. கொரிந்தியருக்குச் சின்னப்பர் எழுதிய முதல் திருமுகத்தில் இருக்கிறது. காலம் சுமார் கி.பி. 54. மாற்கு நற்செய்திக்கு அது பதினைந்து ஆண்டுகளாவது மூத்தது. அவர் அதை எழுத நேர்ந்த காரணமும் பந்திச் சண்டைதான். கொரிந்து சபை கூடும்போது வசதியுள்ளவர்கள் முன்னதாகவே உண்டு குடித்துவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைக் கேள்விப்பட்டுக் கோபத்தில் எழுதிய கடிதத்தின் நடுவில், அப்பத்தை எடுத்து, பிட்டு, கொடுத்த அந்த இரவின் கதையை, தாம் ஆண்டவரிடமிருந்து பெற்றுக்கொண்டதாகச் சொல்லி அவர் நினைவூட்டுகிறார். ஆதித் திருச்சபையின் வழிபாடு எப்படி இருந்தது என்று ஆராய்கிறவர்களுக்கு முதல் ஆதாரம் இந்தப் புகார்க் கடிதம்தான். புகார்க் கடிதம் என்பதாலேயே அதை நம்பத் தோன்றுகிறது. தம் சபைக்குப் பெருமை சேர்க்க நினைக்கும் ஒருவர் இப்படியொரு அவமானத்தைக் கற்பனை செய்து எழுதமாட்டார்.

எசூர்வேதத்தின் கையெழுத்துப் படிகள் புதுவையில் சேசு சபைக்கு வெளியேயும் போயின. ஆட்சி மன்றத்தில் இரண்டாம் இடத்திலிருந்த பர்த்தெலெமி என்பவரிடம் ஒன்று இருந்தது. அது அவருடைய மருமகன் வழியாகப் பிரான்சுக்குப் போய், ஆங்கெத்தில் துப்பெரோனின் கைக்கு வந்தது. பாரசீகரின் ஜெந்த் அவெஸ்தாவை 1771இல் பிரெஞ்சில் தந்த அதே அறிஞர்தான். எதையும் நம்பாமல் ஊர் ஊராகத் திரிந்து மூலத்தைத் தேடிய அவரும் எசூர்வேதத்தைக் கடைசிவரை கைவிடவில்லை.

மற்றொரு படியை மொதாவ் பிரபு எடுத்துப்போனார். பிரெஞ்சுத் தளபதி லாலியின் காலத்தில் இங்கே படைப்பணியில் இருந்தவர். 1760இல் ஊர் திரும்பியவர் வால்டேரைச் சந்தித்து, இந்தக் கட்டைக் கொடுத்தார். அவருக்கே இதில் சந்தேகம் இருந்தது. சேசு சபைக் குரு மர்த்தேன் மொழிபெயர்த்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். கடவுள் ஒருவர் என்பதும் உலகப் படைப்பும் நம் திருநூலோடு இவ்வளவு பொருந்திப்போவதால், மொழிபெயர்ப்பை அப்படியே நம்ப முடியவில்லை என்ற பொருளில் வால்டேருக்கு எழுதிய கடித வரைவு ஒன்று கிடைத்திருக்கிறது. படைவீரருக்கு வந்த சந்தேகம் தத்துவஞானிக்கு வரவில்லை.

நூல் தப்பியது நல்ல நேரத்தில். 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஐயர் கூட் நகரைக் கைப்பற்றினார். கோட்டை, மாளிகைகள், கோயில்கள் எல்லாம் தரைமட்டமாயின. அங்கே கிடைத்த அச்சுப்பொறியை ஆங்கிலேயர்கள் சென்னைக்கு வண்டியேற்றி, வேப்பேரியில் இருந்த லுத்தரன் குரு ஃபாப்ரிசியுஸிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனிக்கு வேண்டியதை அச்சிட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. கத்தோலிக்கப் புதுவையின் பொறி சீர்திருத்தச் சபைக்குத் தமிழ்ப் பாடல்களும் வேத நூல்களும் அச்சிடப் போயிற்று.

வால்டேர் பொக்கிஷம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தார். கீழை நாடு மேலை நாட்டுக்குத் தந்த கொடைகளில் இதைவிட மேலானது இல்லை என்ற அளவுக்குப் புகழ்ந்தார். மொழிபெயர்த்தவர் ஸ்ரீரங்கம் தீவின் தலைமை அர்ச்சகர், பிரெஞ்சு நன்கு அறிந்த கிழவர் என்று எழுதினார். மர்த்தேன் குருவின் பெயர் காணாமல் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை தங்கியதும் சரணடைந்ததும் பத்திரிகைச் செய்தியாக இருந்த காலம் அது, ஆகவே பெயர் எடுபட்டது. அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட நூல் என்றும் தீர்ப்புச் சொன்னார். 1765இல் வந்த சரித்திரத் தத்துவம் பற்றிய நூலிலும், மறுபடி மறுபடி திருத்தி வெளியிட்ட உலக வரலாற்று நூலிலும் எசூர்வேதத்திலிருந்து எடுத்தெடுத்து வைத்தார்.

அவருக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பது வெளிப்படை. கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது, மோசேதான் ஆதி நூலாசிரியர், மற்ற இனங்களெல்லாம் யூதர்களிடமிருந்து கடன் வாங்கின என்ற கணக்கை உடைக்க வேண்டும். எசூர்வேதத்தில் முதல் மனிதனின் பெயர் ஆதிமோ. மனைவி பிரகிருதி. ஆதிமோவிலிருந்துதான் ஆதாம் வந்தான், யூதர்கள்தான் இந்தியாவிடம் கடன் வாங்கினார்கள் என்று பூஷேயின் வாதத்தை அப்படியே தலைகீழாக்கினார். பூசாரி இல்லாத, அற்புதம் இல்லாத, அப்பம் கடவுளாக மாறாத ஒரு தூய மதம் மோசேக்கு முன்பே இருந்தது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான நூல் அவருக்கு வேறு எங்கே கிடைக்கும்? நூலில் இயேசுவும் நற்கருணையும் இல்லை என்பது அவர் கண்ணுக்கு அதன் தொன்மைக்கு அத்தாட்சியாகத் தெரிந்தது. சேசு சபையினரை வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தவர், அவர்கள் எழுதிய ஞானோபதேசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திருச்சபையோடு சண்டை போட்டார். பிராமணர் ஒருவரும் இதைப் படித்து மனம் மாறவில்லை. மனம் மாறியவர் வால்டேர் ஒருவர்தான்.

1778 மே மாதம் வால்டேர் இறந்தார். அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் இவெர்தோன் நகரில் எசூர்வேதம் இரண்டு தொகுதிகளாக அச்சேறியது. பதிப்பித்தவர் சேன்ட் குரோவா பிரபு. அவரிடம் ஒரு நிதானம் இருந்தது. இது வேதமே அல்ல, வேதத்துக்குப் பழைய உரை என்று தலைப்பில் போட்டார். ஆனால் அதற்குக் கீழே, சமஸ்கிருதத்திலிருந்து ஒரு பிராமணரால் மொழிபெயர்க்கப்பட்டது என்றும் போட்டார். மறு ஆண்டே பெர்னில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது.

முதல் அடி 1782இல் விழுந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் சுற்றிய பியேர் சொன்னரா தம் பயண நூலில், எசூர்வேதம் நான்கு வேதங்களில் ஒன்றல்ல, மசூலிப்பட்டினத்தில் ஒரு மதகுரு எழுதிய வாதநூல் என்று இரண்டு வரியில் போட்டு உடைத்தார். நூலைப் பிரான்சுக்குக் கொண்டுபோன மொதாவ் ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் அதே மசூலிப்பட்டினத்தில் இறந்திருந்தார். சொன்னராவின் பேச்சைக் கேட்டவர் சிலர், கேளாதவர் பலர். 1805இல் சமஸ்கிருத அறிஞர் கோல்புரூக் கல்கத்தாவிலிருந்து வேதங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையால் அசல் எப்படி இருக்கும் என்பதாவது ஐரோப்பாவுக்குத் தெரிந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் நமக்கு நன்கு தெரிந்தவர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ். கிணறு வெட்டிக் குறளைக் கல்லில் பொறித்தவர், வள்ளுவர் உருவத்தோடு பொற்காசு அடித்தவர், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816இல் நிறுவியவர். சேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, புதுவை மிஷன் பாரிஸ் வேதபோதக சபையிடம் போயிருந்தது. பழைய சபையின் காகிதங்கள் அவர்களுடைய நூலகத்தில் கிடந்தன. எல்லிஸ் அவற்றைப் பார்த்தார். எசூர்வேதம் தனியாக இல்லை. எட்டுக் கையெழுத்துப் படிகள், ஒரு குடும்பமே இருந்தது. ரிக், சாமம், அதர்வணம் என்று மற்ற வேதங்களின் பெயரிலும் இதே பாணி உரையாடல்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் சமஸ்கிருதம். அந்தச் சமஸ்கிருதம் ரோமன் எழுத்தில் இருந்தது. எல்லாப் படியிலும் அது முழுமையாகவும் இல்லை.

அந்த ரோமன் எழுத்தை எல்லிஸ் வாய்விட்டுப் படித்திருப்பார் என்றே நினைக்கிறேன். வேதம் என்பது பேதோ என்று எழுதப்பட்டிருந்தது. வகரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் பகரம், அகரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒகரம். தமிழ்ப் பண்டிதரோ தெலுங்குப் பண்டிதரோ இப்படி உச்சரிக்கமாட்டார். இது வங்காளிகளின் வாய். புதுவையில் இருந்த நூல் வங்காள உச்சரிப்பில் பேசியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு வங்காளத்தில் சந்திரநாகூர் இருந்தது, சேசு சபையினர் இரண்டு ஊருக்கும் மாறி மாறிப் போய்வந்தவர்கள். எழுதியவன் எங்கே சமஸ்கிருதம் கற்றான் என்பதை அவன் எழுத்துக்கூட்டலே காட்டிக்கொடுத்துவிட்டது. பாப்பரசருக்குக் கான்ஸ்டன்டைன் பேரரசர் நாட்டைத் தானம் செய்த பத்திரம் பொய் என்று 1440இல் லொரென்சோ வல்லா நிறுவியதும் இப்படித்தான், லத்தீன் சொற்களின் வயதைப் பார்த்து.

எல்லிஸ் அசல் வேதங்கள் எப்படி அமைந்தவை என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த ஒப்பீட்டுக்கு முன் போலி நிற்கவில்லை. ஒரு மறைநூலை நம்பலாமா என்று கேட்பவர் அது எத்தனை வழிகளில் வந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பார். சின்னப்பரின் கடிதங்களுக்குச் சுமார் கி.பி. 200ஐச் சேர்ந்த பாப்பிரஸ் படி ஒன்று டப்ளினிலும் மிச்சிகனிலும் பிரிந்து கிடக்கிறது. அதைத் தவிர ஒன்றையொன்று பார்க்காத ஊர்களிலிருந்து வந்த படிகளும் மொழிபெயர்ப்புகளும் ஏராளம். ரிக் வேதமோ ஏட்டை நம்பியே இருக்கவில்லை. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி ஓதும் முறைகளால், ஓர் எழுத்து பிசகினாலும் பிடிபட்டுவிடும் பூட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். எசூர்வேதத்தின் படிகள் எல்லாவற்றையும் பின்தொடர்ந்தால் ஒரே அலமாரிக்குத்தான் வந்து சேரும். அதை ஓத அறிந்த வாய் எங்குமே இல்லை. கும்பகோணத்திலோ காஞ்சியிலோ ஒரு கனபாடியைக் கூப்பிட்டு நாலு வரி படித்துக் காட்டியிருந்தால் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும். அறுபது ஆண்டுகளில் அதைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எல்லிஸ் தம் கட்டுரை பரவலாகப் படிக்கப்படுவதைப் பார்க்கவில்லை. 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் தவறுதலாக விஷம் உட்கொண்டு இறந்துபோனார். கட்டுரை 1822இல் ஆசிய ஆய்வுகள் இதழின் பதினான்காம் தொகுதியில் வந்தது. அதில் ஒரு பிழையும் இருந்தது. புதுவைக் கிறிஸ்தவப் பெரியவர்கள் இவற்றை எழுதியவர் நொபிலி என்று சொன்னதைக் கேட்டு அவரும் அப்படியே எழுதிவிட்டார். நொபிலி இத்தாலியர், 1656இல் மயிலாப்பூரில் மறைந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வந்ததே 1674இல். வங்காளத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அந்தப் பழி அவர்மேல் நூறாண்டுகளுக்கு மேல் கிடந்தது. வேத மோசடிக்காரர் என்று புராட்டஸ்டன்ட் எழுத்தாளர்கள் வசைபாட அது வசதியாகவும் இருந்தது.

அதைத் துடைக்க முயன்ற நூல்களில் ஒன்று புதுச்சேரியிலேயே வந்தது. காஸ்தெ என்ற சேசு சபைக் குரு, வால்டேரின் எசூர்வேதத்தையும் புதுவையின் போலி வேதங்களையும் பற்றி 1935இல் இங்கே ஒரு சிறுநூல் வெளியிட்டார். தம் சபையின் மானத்தைக் காப்பாற்றும் அவசரம் அதில் தெரிந்தாலும், வேலை ஒழுங்கானது. 1984இல் இந்தியவியல் அறிஞர் லூதோ ரோஷே எல்லாப் படிகளையும் தேடி ஒப்பிட்டு முழு நூலையும் மறுபடி பதிப்பித்தார். மூலம் பிரெஞ்சுதான், அதை சமஸ்கிருதமாக்கும் வேலைதான் பாதியில் நின்றது, சமஸ்கிருதத்திலிருந்து பிரெஞ்சு வந்தது என்பது தலைகீழ்க் கதை என்பது அவர் முடிவு. எழுதியவர் யார் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. கால்மெத், மொசாக், மர்த்தேன், போன்ஸ், கேர்தூ என்று பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. சந்திரநாகூரில் இருந்தவர்கள் என்பதால் மொசாக்கின் பக்கமும் போன்ஸின் பக்கமும் சிலர் சாய்கிறார்கள். கால்மெத்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அசல் ரிக் வேதத்தைப் பாரிஸுக்கு அனுப்பிய அதே கால்மெத். அது உண்மையானால் அந்த நூலகத்தில் கிடந்த இரண்டு வேதங்களுக்கும் அவரே காரணம்.

வால்டேர் கொடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1778 பதிப்பும் உலகின் பெரிய நூலகங்களில் கிடைக்கிறது. அதன் முகப்புப் பக்கத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதுகிறவர்கள், சமஸ்கிருதத்திலிருந்து ஒரு பிராமணரால் மொழிபெயர்க்கப்பட்டது என்ற வரியை இன்னமும் அப்படியே எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.